அப்பாவுக்குக் கேட்காத கரகரப்பு!

மகள் வரைந்து நீட்டிய சர்க்யூட் படத்தில் இரண்டு டயோடுகள் இல்லை. அப்பா பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். ஆனால், சொல்லவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. செஞ்சு பாரு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெற்றிலைப் பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் அது. முப்பது வருடங்களுக்கு மேல் அங்கே மைக்செட் வைத்திருந்தவர் அவர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோயில் திருவிழா என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே விசேஷம் என்றாலும், தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆம்ப்ளிஃபயர் பழுதானால் அவரே பிரித்துப் பார்ப்பார். மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே காதை வைத்துச் சொல்லிவிடுவார். "இது கண்டன்சர் போன ஹம்." "இது டிரை சால்டர்." "இது ஸ்பீக்கர் காயில் உரசுற சத்தம்."

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் புத்தகம் எதையும் காட்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் செட்டில் வேண்டுமென்றே ஒரு ரெசிஸ்டன்ஸைக் கழற்றிவிட்டு, "இப்ப சத்தத்துல என்ன மாறியிருக்குன்னு சொல்லு" என்பாராம். சொல்லும் வரை சாப்பாட்டுக்குப் போக முடியாது. தானும் அதே வழியில் மகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்றுதான் அன்று அப்பா பேசாமல் இருந்தார். தப்போடு செய்யட்டும். ஸ்பீக்கரில் கரகரப்பு வரும். அப்போது, "இது ஏன் வருது, சொல்லு பாப்போம்" என்று கேட்கலாம். அதுதான் அவர் போட்டிருந்த கணக்கு.

மகள் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். ஆப்-ஆம்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண். ஆனால், அந்த எட்டுக்கால் பூச்சியைக் கையில் எடுத்துப் பற்றவைத்து, அதிலிருந்து ஒரு பாட்டு வரவைத்ததில்லை. அடுத்த வருடம் ப்ராஜெக்ட். கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கி வைத்துவிடலாம் என்று தோழிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால், ஒன்றையாவது சொந்தமாகச் செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சமைக்கும்போது அம்மா போனில் பாட்டு கேட்பார். தாளிக்கும் சத்தத்தில் அது அமுங்கிப் போகும். அடுப்படிக்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். பரணில் அப்பாவின் பழைய எட்டு ஓம் ஸ்பீக்கர் ஒன்று இருந்தது.

"எங்கேருந்துப்பா ஆரம்பிக்கணும்?"

"ஸ்பீக்கர்லேருந்து. எல்லாரும் முன்னாடிலேருந்து போவாங்க. நீ பின்னாடிலேருந்து வா."

அவள் பின்னாலிருந்து வந்தாள். அடுப்படிக்கு ஒரு வாட் போதும். எட்டு ஓம் ஸ்பீக்கரில் ஒரு வாட் வேண்டுமென்றால், உச்சத்தில் 4 வோல்ட், அரை ஆம்பியர் தேவை. போனின் ஹெட்போன் துளையிலிருந்து உச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வோல்ட் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாள். அப்படியானால், 11 மடங்கு பெருக்க வேண்டும். 10 கிலோ ஓம் ஒன்று, 1 கிலோ ஓம் ஒன்று. பத்தை ஒன்றால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் பதினொன்று. ஆப்-ஆம்பின் பெருக்கத்தை முடிவு செய்ய இந்த இரண்டு ரெசிஸ்டன்ஸே போதும்.

ஆனால், ஆப்-ஆம்ப் கணக்கில் கெட்டிக்காரனே தவிர, பாரம் தூக்குவதில் நோஞ்சான். அதனால் தர முடிவது சுமார் 20 மில்லி ஆம்பியர். அதை நேராக ஸ்பீக்கரில் கொடுத்தால், ஒரு வாட்டில் ஐந்நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. பாரம் தூக்க டிரான்சிஸ்டர்கள் வேண்டும். அப்பாவின் தகர டப்பாவில் பிடி 139, பிடி 140 என்ற ஜோடி இருந்தது. முதலாவது மின்னோட்டத்தை ஸ்பீக்கருக்குள் தள்ளும். மற்றது ஸ்பீக்கரிலிருந்து இழுக்கும். 50 மடங்கு என்று குறைத்து மதிப்பிட்டாலும், ஆப்-ஆம்ப் 10 மில்லி ஆம்பியர் கொடுத்தால் டிரான்சிஸ்டர் அரை ஆம்பியர் கொடுக்கும். கணக்கு சரியாக வந்தது.

மின்சாரத்துக்கு 9-0-9 டிரான்ஸ்ஃபார்மர். ஒன்பதை 1.414-ஆல் பெருக்கினால் 12.7. டயோடில் 0.7 போனால் மேலே 12, கீழே 12. ஆப்-ஆம்புக்கு டப்பாவிலிருந்த 741. ஃபேர்சைல்டு நிறுவனம் 1968-இல் வெளியிட்ட ஐசி அது. இன்றைக்கும் பாடப் புத்தகத்தில் முதலில் வருவது அதுதான்.

இனி, அந்த இரண்டு டயோடுகளின் கதை.

மரம் அறுக்கும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய ரம்பத்தின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். இவர் இழுக்கும்போது அவர் விடுவார்; அவர் இழுக்கும்போது இவர் விடுவார். தள்ளும் டிரான்சிஸ்டரும் இழுக்கும் டிரான்சிஸ்டரும் அப்படித்தான். சிக்கல் என்னவென்றால், எந்த டிரான்சிஸ்டரும் சுமார் 0.6 வோல்ட் வந்தால்தான் கண் விழிக்கும். ஒலியலை மேலிருந்து கீழே போகும்போது நடுவில் பூஜ்ஜியத்தைக் கடக்க வேண்டும். அந்த இடத்தில், மேலே 0.6, கீழே 0.6, மொத்தம் 1.2 வோல்ட் தூரத்துக்கு இருவருமே தூங்குகிறார்கள். ரம்பம் ஒரு கணம் நின்று, திடுக்கென்று மறுபடி நகர்கிறது. அந்தத் திடுக்குதான் கரகரப்பு. ஆங்கிலத்தில் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்பார்கள்.

இரண்டு டயோடுகளைப் போட்டால், அவை இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கும் தலா 0.6 வோல்ட்டை எப்போதும் முன்பணமாகக் கொடுத்து வைக்கும். தன் முறை இல்லாதபோதும் இருவரும் ரம்பத்தை லேசாகப் பிடித்தபடியே இருப்பார்கள்.

மகளுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால், ஃபீட்பேக் இருக்கிறதே என்று நினைத்தாள். ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியில் கொஞ்சத்தை எடுத்து ஆப்-ஆம்புக்கே திருப்பிக் கொடுத்தால், வர வேண்டியதையும் வந்ததையும் அது ஒப்பிட்டுப் பார்த்து, தப்பைத் தானே திருத்திக்கொள்ளும். 1927 ஆகஸ்ட் 2 அன்று காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து நியூயார்க்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஹெரால்டு பிளாக் என்ற பெல் ஆய்வகப் பொறியாளருக்குத் திடீரென்று தோன்றிய யோசனை இது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தாளிலேயே படத்தையும் சமன்பாட்டையும் எழுதிக் கையெழுத்திட்டாராம். தொலைபேசிக் கம்பியில் வெகுதூரம் போகும் குரல் சிதையாமல் இருக்க வேண்டும் என்பது அவருடைய கவலை. தேர்வுக்குப் படித்தபோது மகளுக்கு மிகவும் பிடித்த கதை அது. அந்த நம்பிக்கையில்தான் டயோடுகளை விட்டுவிட்டாள்.

மூன்று நாள் மாலை வேலை. ஈயம் பற்றவைக்கும் வாசனை திண்ணையெல்லாம் பரவியது. நான்காம் நாள் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பா தன்னுடைய பழைய சீரீஸ் பல்பைக் கொண்டுவந்தார். புதிதாகச் செய்த எதையும் நேராகப் பிளக்கில் சொருகக் கூடாது. 60 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், செட் பிழைக்கும்.

பல்பு ஒரு நொடி மின்னி மங்கியது. கண்டன்சர் நிறைந்துவிட்டது. ஷார்ட் இல்லை.

அக்கம்பக்கம் தூங்கும் நேரம் என்பதால் ஒலியைக் குறைவாக வைத்துப் பாட்டைப் போட்டாள். பெண் குரல், கூடவே ஜால்ரா. அப்பா தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். ஸ்பீக்கர் பழுது பார்க்கும்போது அவர் உட்காரும் அதே சாய்வு.

மகளின் முகம் முதலில் மலர்ந்தது. பிறகு சுருங்கியது. பாட்டு வருகிறது. ஆனால், ஒவ்வொரு ஜால்ரா ஒலியையும் சுற்றி மணல் ஒட்டியிருப்பதுபோல் ஏதோ இருக்கிறது. 'ச' வரும் இடமெல்லாம் உமி பறக்கிறது.

அப்பா காத்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கை நீட்டி ஒலியைக் கொஞ்சம் கூட்டினார். மறுபடி குறைத்தார். படத்தை எடுத்துப் பார்த்தார். டயோடு இல்லை. அப்படியானால், கரகரப்பு இருந்தே ஆக வேண்டும்.

"உனக்குக் கரகரன்னு கேக்குதா, பாப்பா?"

"கேக்குதுப்பா. நல்லாவே கேக்குது. ஏன், உங்களுக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. சுவிட்சை அணைத்தார். சீரீஸ் பல்பைச் சுற்றி வைத்தார். எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார்.

மகளுக்குப் புரியவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் புரிந்தது.

"ரெண்டு வருஷமா நான் எதையும் ரெண்டு தடவை சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் அம்மா, தலை நிமிராமல். "நீ ஹாஸ்டல்ல இருக்கே, உனக்குத் தெரியாது. டிவி சத்தத்துக்கு அடுத்த வீட்டுக்காரங்க வந்து சொல்லிட்டுப் போனாங்க. கேட்டா, 'நீ வாய்க்குள்ளயே பேசுறே'ன்னு என்னைச் சொல்றாரு. காதால பொழச்ச மனுஷன். அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

மறுநாள் அவள் அந்த ஆம்ப்ளிஃபயரைக் கல்லூரி லேப்புக்குக் கொண்டுபோனாள். ஆஸிலாஸ்கோப் திரையில் தப்பு தெரிந்தது. தாழ்ந்த சுருதியில் அலை ஏறக்குறைய வழுவழுப்பு. சுருதியைக் கூட்டக் கூட்ட, அலை நடுக்கோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு சின்னப் படிக்கட்டு. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பிளாக்கின் யோசனையில் தப்பில்லை. திருத்துகிறவன் வேகம் போதவில்லை. 741-ஆல் ஒரு மைக்ரோ நொடியில் அரை வோல்ட்தான் நகர முடியும். 1.2 வோல்ட் பள்ளத்தைத் தாண்ட 2.4 மைக்ரோ நொடி. தாழ்ந்த ஒலிக்கு அது ஒன்றுமே இல்லை. ஜால்ராவுக்கும் 'ச'வுக்கும் அது அதிகம். தவிர, சுருதி ஏற ஏற ஆப்-ஆம்பின் உள்பெருக்கமும் குறைகிறது. திருத்தும் பலமும் அதோடு குறைகிறது.

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. ஒலியைக் கூட்டினால் அலை பெரிதாகிறது. படிக்கட்டு மட்டும் அதே அளவில் நிற்கிறது. பெரிய சத்தத்தில் அது மறைந்துவிடுகிறது. ஒலியைக் குறைத்தால் அலையே சிறிதாகி, படிக்கட்டு பெரிதாகத் தெரிகிறது. இந்தப் பழுதில் அடிபடுவது எப்போதும் மெல்லிய சத்தம்தான்.

அம்மாவின் குரல் மெல்லியது.

அப்பா மருத்துவரிடம் வர ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில் யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அவரே ஒரு நாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு, "அந்தக் காது டாக்டரைப் பாத்துட்டு வந்துடுவோமா?" என்றார். தன் பழுதுக்கும் மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

கண்ணாடி அறையில் ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சுருதியாகக் கொடுத்து, கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே வந்த வரைபடத்தை மகள் வாங்கிப் பார்த்தாள். இடமிருந்து வலமாக அதிர்வெண். மேலிருந்து கீழாக டெசிபல். ஆம்ப்ளிஃபயருக்குப் போடும் படம்போலவே இருந்தது. 250, 500, 1000 வரை கோடு பரவாயில்லை. 2000-க்கு மேல் சரிந்து, 4000-இல் பள்ளம்.

பலத்த சத்தத்திலேயே வேலை செய்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் முதலில் பள்ளம் விழும் என்றார் மருத்துவர். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் இருக்கின்றன. வருடக்கணக்கில் பேரொலி மோதினால் அவை சாகும். செத்தவை மறுபடி முளைக்காது. பேச்சில் உயிரெழுத்துகள் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கும். 'ச', 'ஸ' போன்றவை மேலே இருக்கும். அதனால், யாரோ பேசுவது கேட்கும். என்ன பேசுகிறார் என்பது தெரியாது.

"குழாய்க்குக் கீழேயே நிப்பேன் சார்" என்றார் அப்பா. "அங்க நின்னாத்தான் சத்தம் சரியா இருக்கான்னு தெரியும்."

காதுக்கருவி வைத்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். அப்பா தரையைப் பார்த்தார். மைக்செட்காரர் காதில் மெஷின் மாட்டிக்கொண்டு ஊருக்குள் எப்படி நடப்பது?

பேருந்தில் திரும்பும்போது மகள் ஒரு கதை சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவும் முகத்தைப் பார்த்தும் சொன்னாள். டிரான்சிஸ்டரை 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். பார்டீன், பிராட்டன், ஷாக்லி மூவருக்கும் 1956-இல் நோபல் பரிசு. ஆனால், டிரான்சிஸ்டர் ரேடியோ வருவதற்கு முன்பே, அது சாதாரண மக்கள் வாங்கும் பொருளாகக் கடைக்கு வந்தது காதுக்கருவியில்தான். 1952 கடைசியில் அமெரிக்காவில் வெளிவந்த சோனோடோன் 1010 என்ற கருவியில் இரண்டு சிறிய வால்வுகளும் ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் இருந்தன. தொலைபேசி தந்த கிரஹாம் பெல்லின் அம்மாவுக்குக் காது கேட்காது, மனைவிக்கும் கேட்காது. காது கேளாதவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். அவர் நினைவாக, காதுக்கருவி செய்கிறவர்களிடம் டிரான்சிஸ்டருக்கான உரிமத் தொகையை வாங்காமல் விட்டார்கள்.

"அப்போ இதுவும் ஒரு ஆம்ப்ளிஃபயர்தானே?" என்றார் அப்பா, கொஞ்ச நேரம் கழித்து.

"ஆமாப்பா. உங்களுக்கு எந்தச் சுருதி குறையுதோ அதை மட்டும் கூட்டிக் கொடுக்கும். ஈக்வலைசர் மாதிரி."

"ம்" என்றார். வீடு வரும் வரை வேறொன்றும் பேசவில்லை. இறங்கும்போது, "எத்தனை மணி நேரம் பேட்டரி நிக்கும்னு கேட்டியா?" என்றார்.

இதற்கிடையில், ஒரு வேலையாகச் சென்னைக்குப் போன மகள் ரிச்சி தெருவில் நுழைந்து, டிஎல் 071 என்ற ஐசியை வாங்கிவந்தாள். 741 உட்காரும் அதே சாக்கெட்டில் அப்படியே உட்காரும். கால் மாற்றத் தேவையில்லை. ஒரு மைக்ரோ நொடியில் 13 வோல்ட் நகரக்கூடியது. 1.2 வோல்ட் பள்ளம் அதற்கு ஒரு தாண்டல். கூடவே அந்த இரண்டு டயோடுகளையும் போட்டாள். 1என் 4148, மிளகு அளவு கண்ணாடிக் குப்பி. டிரான்சிஸ்டர் சூடாகும்போது ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லி வோல்ட் குறைவிலேயே விழித்துக்கொள்ளும், மின்னோட்டம் கூடும், இன்னும் சூடாகும். விட்டால் கருகிப்போகும். அதனால் டயோடுகளை டிரான்சிஸ்டர்களின் முதுகிலேயே ஒட்டவைத்தாள். அதே சூட்டில் டயோடும் தன் வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும். எமிட்டரில் தலா 1 ஓம் போட்டாள்.

இந்த முறை படத்தை அப்பாவிடம் காட்டியபோது அவர், "இதை அன்னிக்கே பாத்தேன்" என்றார்.

"தெரியும்பா. அம்மா சொன்னாங்க."

காதுக்கருவி வந்த முதல் மூன்று நாள் வீடு படாதபாடு பட்டது. தட்டு வைக்கும் சத்தம் இடிபோல் கேட்கிறது என்று கழற்றி வைத்தார். காகிதம் மடித்தால் கோபித்தார். நான்காம் நாள் காலையில் அம்மா அடுப்படியிலிருந்து, தன் வழக்கமான குரலில், "ஏங்க, பால் வந்துச்சா?" என்றார். "வந்துடுச்சு, திண்ணையில இருக்கு" என்று வாசலிலிருந்து பதில் வந்தது. அம்மா இரண்டாவது தடவை சொல்வதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அன்று மாலை அப்பா மகளைக் கூப்பிட்டார்.

"அந்தப் பழைய 741 வெச்சிருக்கியா?"

"இருக்குப்பா. எதுக்கு?"

"திரும்பப் போடு. டயோடுக்குக் குறுக்கே ஒரு கம்பியை வெச்சுடு. அன்னிக்கு இருந்த மாதிரியே பண்ணு."

அவள் சாக்கெட்டில் ஐசியை மாற்றினாள். இரண்டு டயோடுகளின் குறுக்கே ஒரு கம்பித்துண்டைப் பற்றவைத்தாள். அதே பாட்டு. அதே குறைந்த ஒலி. சீரீஸ் பல்பு மின்னி மங்கியது.

அப்பா தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். அம்மாவும் ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றார். ஜால்ரா வந்தது. பெண் குரலில் ஒரு 'ச' வந்தது.

அப்பாவின் முகம் மெல்ல விரிந்தது.

"கரகரங்குது" என்றார். "பாப்பா, நல்லாவே கரகரங்குது! கேக்குறவன் காது கூசும்போல இருக்கு. என்ன வேலை பண்ணி வெச்சிருக்கே நீ?"

மகள் சிரித்துவிட்டாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கேட்ட அதே தொனியில் கேட்டார்:

"சரி... இது ஏன் வருது, சொல்லு பாப்போம்."